பொறுமைத் துணி

ஆவாரம்பூவைக் கொதிக்கிற தண்ணீரில் போடக் கூடாது. அடுப்பை அணைத்து, தளதளப்பு அடங்கின பிறகு போட்டு, தட்டால் மூடி, ஐந்து நிமிடம் தொடாமல் விட வேண்டும். காரைக்கால் பக்கம் எங்கள் ஊர் நெரவியில் முக்கால்வாசிப் பேர் பூவையும் தண்ணீரையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டு, "கசக்குதே" என்று பூவின் மேல் பழி போடுகிறார்கள். அவசரம்தான் காரணம். இதை நான் மூன்று வருடமாகச் சொல்லி வருகிறேன்.

சப்-இன்ஸ்பெக்டர் மணிபாரதி அம்மா அவர்களே, நடந்ததை என் வார்த்தையிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். போலீஸிடம் எழுதிக் கொடுப்பது கோர்ட்டில் செல்லாது, மாஜிஸ்திரேட் முன்னால் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் சொன்னீர்கள். சொல்கிறேன். முப்பத்திரண்டு வருடம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு எழுதியவள் நான். ஒரே விஷயத்தை மூன்று இடத்தில் எழுதுவது எனக்குப் புதிதல்ல. பெயர் கல்யாணசுந்தரி. வயது அறுபத்து மூன்று. கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். கணவர் சோமு காலமாகி நாலு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. ஊரில் எல்லோருக்கும் நான் சுந்தரியம்மா.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை பத்து மணிக்கு நான் குளித்து, புடவை கட்டி, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். யாரும் கையெழுத்துக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அலுவலகத்தில் நான் நடந்து வந்தால் பேச்சு நின்றுவிடும். வீட்டில் நிற்பதற்குப் பேச்சே இல்லை. அது எனக்கு எவ்வளவு வலித்தது என்று யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். ஒரு மாதம் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை வட்டத்தை ஆரம்பித்தேன்.

வட்டம் என்பது பெரிய விஷயமில்லை. செவ்வாய்தோறும் காலை பத்தரைக்கு எட்டு, ஒன்பது பெண்கள் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்வார்கள். முதலில் மூலிகைத் தேநீர். ஒரு வாரம் ஆவாரம்பூ, ஒரு வாரம் செம்பருத்தி, ஒரு வாரம் துளசியும் எலுமிச்சம்புல்லும். சங்குப்பூ வாரத்தில் எல்லோரும் குழந்தைகள் ஆகிவிடுவார்கள். நீலத் தேநீரில் எலுமிச்சை பிழிந்ததும் ஊதாவாக மாறுவதைப் போட்டோ எடுத்துத் தீராது. பதினொன்றேகாலுக்கு ஊசியை எடுக்க வேண்டும். பன்னிரண்டரைக்கு மோர். பிறகு ஒரு மணி நேரம் பாயில் கட்டாயமாகச் சாய்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை நான் எந்தக் காரணத்துக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. எனக்குப் பொறுப்பு உண்டு.

தையலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் உங்கள் மேஜை மேல் இப்போது இருப்பது அதுதான். நாலு கஜம் வெள்ளை மல் துணி. அதற்குப் பொறுமைத் துணி என்று பெயர் வைத்தவள் நான். ஆளுக்கு ஒரு நிறம், ஆளுக்கு ஒரு பத்தி. ஒவ்வொரு செவ்வாயும் ஒரு சாண் நீளத்துக்குச் சங்கிலித் தையலில் ஒரு வரி போட வேண்டும். போன வார வரிக்குக் கீழே இந்த வார வரி. ஓரத்தில் அன்றைய தேதியை நான் சிவப்பு நூலில் தைத்துவிடுவேன். தேதி போடாத காகிதத்தை நான் வாழ்க்கையில் மதித்ததில்லை, துணியை மட்டும் எப்படி விடுவேன்.

ஆனால் முதல் மூன்று மாதம் அங்கே அமைதி என்பது மருந்துக்கும் இல்லை. தேநீரைக் குடித்துவிட்டு மாமியாரைப் பற்றிப் பேசினார்கள். மாமியாரை முடித்துவிட்டு ரேஷன் கடையைப் பற்றிப் பேசினார்கள். வினோதா தன் நாத்தனார் கதையைச் சொல்லி அழுதால் இன்னொருத்தி அதைவிடப் பெரிய நாத்தனாரைக் கொண்டு வருவாள். ஒருத்தி கைபேசியில் சீரியல் பார்த்தாள். வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு 'அமைதி' என்று பெயர் வைத்திருந்தேன், அதில்தான் சண்டையே நடந்தது. நான் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடச் சொன்னால், ஒரு கண்ணைத் திறந்து பக்கத்தில் இருப்பவளின் வளையலைப் பார்த்தார்கள்.

உண்மையை எழுதுவது என்று ஆனபின் இதையும் எழுதிவிடுகிறேன். மூலிகைத் தேநீர் மனத்தை ஒன்றும் செய்வதில்லை. நாக்குக்கு நன்றாக இருக்கும், வயிற்றுக்குச் சுகமாக இருக்கும், கையில் சூடாக ஒரு டம்ளர் இருப்பது யாருக்கும் பிடிக்கும். அவ்வளவுதான். தையலும் அப்படித்தான். கோபத்தோடு உட்கார்ந்தால் கோபத்தோடு தைக்கலாம். வட்டம் கலைந்துவிடும் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. இரண்டு பேர் வருவதை நிறுத்தியிருந்தார்கள். இன்னும் ஒரு மாதம் போனால் நான் மறுபடியும் பத்து மணிக்குப் புடவை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கும்.

வீட்டில் சோமுவின் மாத்திரைகள் இருந்தன.

சோமுவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி வந்துவிட்டது. மறதியோடு சத்தமும் வந்தது. விடிந்தால் சத்தம், சாப்பிட்டால் சத்தம், வயலுக்குத் தண்ணீர் வந்ததா என்று கேட்டுச் சத்தம். வயலைக் குத்தகைக்கு விட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு ஒரு தூக்க மாத்திரை எழுதினார், பாதி கொடுங்கள் என்றார். டாக்டர் அந்த வீட்டில் இருந்து பார்த்தவர் இல்லை. நான் என் அனுபவத்தில் கொடுத்தேன், சுக்குக் கஷாயத்தில் கரைத்து. ஒரு வாரத்தில் அவர் நெரவியிலேயே அமைதியான கணவராகிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரி, "அண்ணன் எவ்வளவு சாந்தமாயிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு வருடம் அப்படியே இருந்தார். ஒருநாள் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்பதால் நான் மேலே எழுதவில்லை.

சீட்டு என்னிடமே இருந்தது. மருந்துக் கடைக்காரர் பல வருடப் பழக்கம். "சார் எப்படி இருக்காங்க?" என்று கேட்பார். "நல்லா தூங்குறாங்க" என்பேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

முதலில் பானை முழுவதற்கும் மிகக் கொஞ்சமாகத்தான் போட்டேன். அன்று செம்பருத்தி. பதினொன்றரைக்குக் கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எட்டுப் பெண்கள் தலை குனிந்து, உதடு லேசாகத் திறந்து, நூலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வினோதா நாத்தனாரை மறந்துவிட்டாள். யாரோ ஒருத்தி சும்மா சிரித்தாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. என் வாழ்க்கையில் அத்தனை பேரைச் சந்தோஷமாக வைத்த நாள் அதற்கு முன்னால் இல்லை.

அதன் பிறகு வட்டம் நிற்கவில்லை. மண்டபத்தூரிலிருந்து மீன்காரப் பெண்கள் இரண்டு பேர், தொழில் நாளையும் விட்டுவிட்டு வந்தார்கள். சுந்தரியம்மா கை ராசி என்று பேச்சு பரவியது. ஒரு கல்லூரியில் மகளிர் தினத்துக்கு என்னைக் கூப்பிட்டு மன அழுத்தத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள், சால்வை போட்டார்கள். யாருடைய வரியாவது கோணலாகப் போனால், "கை கோணினா என்னம்மா, மனசு நேராகுதுல்ல" என்று சொல்வேன். அதைப் பல பேர் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார்கள், சூரியோதயப் படத்தோடு.

நீங்கள் இப்போது என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒன்றை யோசித்துப் பாருங்கள். காரைக்காலில் ஆண்களுக்கு மன அமைதி வேண்டுமென்றால் தெருவுக்கு ஒரு கடை திறந்திருக்கிறது. எல்லை தாண்டி நாகப்பட்டினத்திலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் பஸ் பிடித்து வந்து அமைதி அடைந்து, மதகுக் கட்டையிலேயே படுத்துக் கிடக்கிறார்கள். அதற்கு லைசென்ஸ், போர்டு, விளக்கு எல்லாம் உண்டு. பெண்களுக்கு வாரத்தில் ஒரு டம்ளர். அதுவும் பூப்போட்ட டம்ளரில், ஒரு மணி நேரப் பாயோடு, காசு வாங்காமல்.

எனக்கு மனசாட்சியும் உண்டு. கவியா போன கார்த்திகையில் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்றே அவளுக்குத் தனியாகச் சின்னப் பானையில் வெறும் துளசி போட்டேன். "புள்ளத்தாச்சிக்கு இந்தப் பூ சூடு, உனக்கு வேற" என்றேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். பெற்ற தாய்கூட இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்று எல்லோரிடமும் சொன்னாள். அமீர் நிஷா நோன்பு மாதம் முழுக்கத் தேநீரைத் தொடவில்லை, ஆனால் ஒரு செவ்வாய்கூடத் தவறாமல் வந்து தைத்துவிட்டுப் போனாள். நோன்பு பிடிப்பவளை வற்புறுத்தலாமா. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைக் காட்டிக் கொடுத்தது இந்த இரண்டு நல்ல குணங்கள்தான் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி உமாமகேஸ்வரி.

உமா வரிச்சிக்குடிக்காரி. முப்பத்து மூன்று வயது. முதன்முதலில் வந்தபோது அவளால் ஊசியில் நூல்கூடக் கோர்க்க முடியவில்லை. புருஷன் ரஞ்சித்குமார் மேலே சொன்ன கடைகளில் ஒன்றின் நிரந்தர வாடிக்கை. அவள் சரியாகத் தூங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. என் கூடத்துப் பாயில்தான் அவள் முதலில் தூங்கினாள். வாயோரம் எச்சில் வழிய, சின்னப் பிள்ளை மாதிரி. எழுந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்க வந்தாதாம்மா எனக்கு உசிரே வருது" என்றாள். அன்றிலிருந்து அவள் என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டாள். நான் அவளிடம் மிகவும் பிரியமாகிவிட்டேன். பிள்ளை பெறாதவளுக்கு அந்த ஒரு சொல் என்ன செய்யும் என்பதைப் பெற்றவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது.

இந்த வருடம் மே மாதக் கடைசியில் அவளுக்குப் புதுச்சேரியில் எழுத்தர் வேலைக்கு ஆணை வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் எழுதிய பரீட்சை. நிரந்தர வேலை. ஆணையை என்னிடம்தான் முதலில் கொண்டுவந்து காட்டினாள். படித்தேன். ஜூன் மாதம் இரண்டாவது புதன்கிழமை காலை பத்து மணிக்குள் சேர வேண்டும், தவறினால் வேலை பட்டியலில் அடுத்தவருக்குப் போகும் என்று இருந்தது. அப்படி ஆயிரம் ஆணை நான் தட்டச்சு செய்ய வைத்திருக்கிறேன்.

"பாப்பாவ இப்ப எங்க அம்மா வீட்ல வுட்டுட்டுப் போறேன். ஒரு மாசத்துல வீடு பாத்துட்டு அவளையும் கூட்டிக்குவேன். அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேம்மா" என்றாள்.

இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். பாயில் தூங்கி எழும்போதுகூட அது இருந்ததில்லை. "ரொம்ப சந்தோஷம்டி" என்றேன். இவளுக்கு உயிரைக் கொடுத்தது நான். அதை வாங்கிக்கொண்டு போகிறாள். கோபம் என்று சொல்ல மாட்டேன். வருத்தம் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. ரஞ்சித்குமார் ஆயிரம் சண்டைக்குப் பிறகு ஒரே ஒரு நிபந்தனையில் சம்மதித்திருந்தான். "பகல்ல போறதா இருந்தா போ. ராத்திரி பஸ்ல என் பொண்டாட்டி தனியா போகமாட்டா" என்று மாமியார் முன்னால் சொல்லியிருந்தான். அவன் பேச்சு மாறுவதற்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால் செவ்வாய் மதியம் ஒரு மணி பஸ்ஸில் போய், அங்கே ஒரு தோழி வீட்டில் தங்கி, புதன் காலை சேர்வதாக ஏற்பாடு. அதுவும் நல்லதாகப் போயிற்று, செவ்வாய் காலை வட்டத்துக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போகலாம் என்றாள்.

ஆகவே என் கணக்கு எளிமையானது. அவள் சாயங்காலம் வரை என் கூடத்தில் தூங்கினால் போதும். பகல் பஸ் போய்விடும். ராத்திரி பஸ்ஸுக்கு அவன் விடமாட்டான். புதன்கிழமை பத்து மணி தாண்டிவிடும். வேலை போய்விடும், உமா இருப்பாள். நான் அவளை மடியில் போட்டு அழவிட்டு, எல்லாம் நல்லதுக்கே என்று சொல்லுவேன். அடுத்த செவ்வாய்க்குச் சங்குப்பூ என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன். அவளுக்கு அது பிடிக்கும்.

அன்று அவள் பத்தேகாலுக்கே வந்துவிட்டாள். ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் ஒரு பெரிய பை. ஸ்கூட்டரைப் பஸ் நிலையத்தில் நிறுத்திவிட்டால் அவள் தம்பி வந்து எடுத்துக்கொள்வானாம். புதுப் புடவை கட்டி, நெற்றியில் திருநள்ளாற்று விபூதி. எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள். நான் அவளுக்கு மட்டும் வெள்ளி டம்ளரில் கொடுத்தேன். "ஊருக்குப் போற புள்ள, உனக்கு ஸ்பெஷல்" என்றேன். மற்றவர்கள் பொறாமையாகக் கேலி செய்தார்கள். அவள் மூன்று மடக்கில் குடித்துவிட்டாள். அவளுக்கு அன்று எல்லாமே அவசரம்.

பதினொன்றேமுக்காலுக்கு வரியில் பாதி வந்திருந்தபோது ஊசி கையிலிருந்து நழுவியது. "கண்ணக் கட்டுதும்மா, ராத்திரி தூங்கவேயில்ல, அதான்" என்றாள். நான் உள்ளறையில் பாய் விரித்து, மின்விசிறியைக் கூட்டி வைத்து, ஜன்னலைச் சாத்தினேன். ஒருக்களித்துப் படுத்தாள். அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். எல்லாம் நான் நினைத்தபடி நடந்தது.

பன்னிரண்டேகாலுக்கு, பஸ்ஸுக்காக அவள் கைபேசியில் வைத்திருந்த அலாரம் அடித்தது. எல்லோருடைய கைபேசியையும் வாங்கிக் கூடையில் போடுவது என் வழக்கம். அன்று மைசூர்பாகு அமளியில் அவளுடையதை வாங்க மறந்துவிட்டேன். அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். எப்படி எழுந்தாள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள், புடவையெல்லாம் நனைந்தது.

"கொஞ்ச நேரம் படுத்துட்டுப் போடி" என்றேன்.

"பஸ்ஸ வுட்டா அவ்வளவுதாம்மா. அவரு வுடமாட்டாரு. நான் போவணும்."

"ஸ்கூட்டரு வாணாம், ஆட்டோ கூப்பிடவா?" என்று கவியா கேட்டாள். கவியாவுக்குத்தான் அன்று தெளிவாக இருந்தது.

"அஞ்சு நிமிஷம்தான், நான் போயிடுவேன்" என்று உமா சொல்லிவிட்டுச் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு சிரித்துக்கொண்டே சரி செய்துகொண்டாள்.

நான் வாசலில் நின்றேன். சாவியைப் பிடுங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். பிடுங்கினால் ஏன் என்று எட்டுப் பேர் முன்னால் சொல்ல வேண்டும். நான் சொன்னது, "பாத்துப் போ." படுக்காமல் போகக் கூடாது என்பது மூன்று வருட விதி. அதை அன்று மீறியது அவள்தான். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் ஒரு வளைவு இருக்கிறது, அங்கே வாய்க்கால் மதகு. வண்டி நேராகப் போயிருக்கிறது. பிரேக் பிடித்த தடமே இல்லை என்று உங்கள் ஆட்களே சொன்னார்கள். ஜூன் மாதம் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராத நேரம், வாய்க்கால் காய்ந்து கிடந்தது. தலை மதகுக் கட்டையில் பட்டிருக்கிறது. அன்று மாலை நாலேகாலுக்கு அவள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். விபத்து என்று எழுதி முடித்தார்கள். ரஞ்சித்குமார் பிணவறை வாசலில் உட்கார்ந்து, பகலில்தானே அனுப்பினேன், பகலில்தானே அனுப்பினேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அடுத்த செவ்வாய் நான் வட்டத்தை நடத்தினேன். துக்கத்தில் இருக்கும் பெண்களுக்கு அமைதி இன்னும் அதிகமாகத் தேவைப்படும் அல்லவா. ஆவாரம்பூ போட்டேன். உமாவின் பத்தியில் மாம்பழ மஞ்சள் நூலில் பாதி வரி அப்படியே நின்றிருந்தது. நினைவாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அமீர் நிஷா அன்று குடிக்கவில்லை. துணியை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நிஷா டவுனில் தையல் கடை வைத்திருப்பவள். இருபத்தைந்து வருடமாக ஜாக்கெட்டும் புர்காவும் தைப்பவள். எல்லோரும் பாயில் சாய்ந்த பிறகு சமையலறைக்கு வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

"சுந்தரிக்கா, நான் தைக்கிற ஆளு. என் கை எனக்குத் தெரியும்" என்றாள். "என் பச்சையப் பாருங்க. மொத மூணு மாசம் நேரு, அப்புறம் புள்ளைங்க கிறுக்கின மாதிரி கோணிக்கிட்டுப் போவுது. என் கடையில நான் இப்புடித் தச்சா ஒரு ஆளு வருவாங்களா? வருசா வருசம் நோன்பு மாசத்துல மட்டும் நாலு வரி, ஸ்கேல் வச்ச மாதிரி இருக்கு. கவியாவோட நீலம் கார்த்திகை வரைக்கும் கோணல், அப்புறம் நேரு. நீங்க வேற பானைன்னு சொன்னதுலேர்ந்து. உங்க செவப்பு மூணு வருசத்துல ஒருநாளும் கோணலீங்க."

நான் தேதி போட்டிருந்ததால் அவளுக்கு வேலை சுலபமாகிவிட்டது. பரிமாறுகிறவள் கடைசியில்தான் குடிப்பாள், கடைசியில் பானையில் இருக்காது என்று சொன்னேன். அவள் துணியைத் திருப்பி மஞ்சள் பத்தியைக் காட்டினாள்.

"உமாவோட கடைசி வரியப் பாத்தீங்களா? பாதியில தையலே இல்லக்கா. சும்மா ஊசிய உள்ள வுட்டு வெளிய எடுத்திருக்கு, முடிச்சுகூட வுழல. அந்தக் கையோட அவள வண்டி ஓட்ட வுட்டீங்களே" என்றாள். அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே துணியை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. மடிப்பு நேராக வரவில்லை, அதை மட்டும் சரியாக மடிக்கச் சொன்னேன்.

அவள் நேராக உங்களிடம் வந்தாள். நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள், அலமாரியைத் திறந்தீர்கள், பானையின் அடியில் இருந்ததைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்துக்கொண்டீர்கள். நான் எதையும் மறைக்கவில்லை. எட்டுப் பேரையும் விசாரித்தீர்கள். என்ன சொன்னார்கள் என்று நீங்கள் எனக்குச் சொல்லவில்லை, ஆனால் வினோதா உங்களிடம், "இனிமே செவ்வாக்கெழம நாங்க எங்க போறது?" என்று கேட்டது கூடத்திலிருந்து எனக்குக் கேட்டது. அது போதும் எனக்கு.

கையெழுத்து போடுவதற்கு முன்னால் ஒன்று பாக்கி இருக்கிறது. இது நிஷாவுக்குத் தெரியாது. துணியில் இல்லை. நீங்களும் கேட்கவில்லை. ஆனால் கோப்பில் ஒரு பக்கம் விட்டுப்போனால் எனக்குத் தூக்கம் வராது.

உமாவின் கைபேசியில் கடைசியாகப் பேசிய எண் என்னுடையது. அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அவள் வீட்டார் வந்து சேர்வதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே நான் போய்விட்டேன். அப்போது மணி ஒன்றரை. மூச்சு இருந்தது. டியூட்டி டாக்டர் சின்னப் பெண், இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும். உமாவின் இமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நீங்க அவங்க அம்மாவா?"

"ஆமாம்" என்றேன்.

"தலையில அடி இருக்கு. ஆனா இந்த அடிக்கு இவ்வளவு மயக்கம் வரக் கூடாது, மூச்சு இவ்வளவு மெதுவா இருக்கக் கூடாது. ஏதாவது மாத்திரை சாப்ட்டாங்களா? யாராவது எதாவது குடுத்தாங்களா? எதுவா இருந்தாலும் சொல்லுங்கம்மா, போலீஸுக்கு எல்லாம் இல்ல. தெரிஞ்சா அதுக்கு மருந்து இருக்கு, இப்பவே போட்டுடலாம். நேரம் இருக்கு."

நேரம் இருக்கு என்று அவள் இரண்டு முறை சொன்னாள். நான் உமாவைப் பார்த்தேன். முகத்தில் ரத்தத்தைத் துடைத்துவிட்டிருந்தார்கள். வரிச்சிக்குடி, ரஞ்சித்குமார், பஸ், புதன்கிழமை பத்து மணி எதுவும் அந்த முகத்தில் இல்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் எழுந்துவிடுவாள். எழுந்தால் போய்விடுவாள். அதோடு மூன்று வருட வட்டமும், அத்தனை பேருடைய நிம்மதியும், ஒரே மதியத்தில் போய்விடும். அவசரப்படாமல், நிதானமாக யோசித்தேன். பிறகு டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"மாத்திரையெல்லாம் அவ தொடவே மாட்டா டாக்டர். காலையில நம்ம வீட்டு மூலிகை டீதான் ஒரு டம்ளர் குடிச்சா. அதுல பக்க விளைவே கிடையாதுங்க."

சொல்லும்போது என் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. இந்த அமைதியைத்தான், மணிபாரதி அம்மா, நான் எல்லோருக்கும் கொடுக்க ஆசைப்பட்டேன்.